ரெண்டாவது கொன்ட்ரோலர்

மோதுப்பட்ட வாகனங்களைப் போய்ப் பாத்து, எப்பிடி மோதினது, ஆரில பிழை எண்டு அறிக்கை எழுதுறது என்ர வேலை. இருபது வருசமாச் செய்யிறன். பம்பரில கிடக்கிற கீறலைப் பாத்தே ஓடினவன் பிரேக் பிடிச்சவனோ, நித்திரை தூங்கினவனோ எண்டு சொல்லிப்போடுவன். அதில எனக்கு நல்ல தலைக்கனம். இதை முதல்லயே சொல்லிவைக்கிறன். ஏனெண்டா இந்த விசயத்தில ஒரு அடையாளத்தையும் ஒருத்தரும் எனக்கு மறைக்கேல்ல. எல்லாம் என்ர கண்ணுக்கு முன்னாலதான் கிடந்தது. நான் எல்லாத்தையும் வடிவாப் பாத்து, ஒண்டு விடாமக் கூட்டி, பிழையான விடையை எழுதினன்.

என்ர கூட்டாளி கொழும்பில கொட்டாஞ்சேனையில இருக்கிறவன். பள்ளிக்கூடத்தில ரெண்டு பேரும் ஒரே வாங்கு. கலியாணம் கட்டேல்ல, தமக்கையோட இருக்கிறான், டியூட்டரியில ஏ.எல். பெடியளுக்குக் கணிதம் படிப்பிக்கிறவன். சனிக்கிழமை பின்னேரம் எண்டா நான் வெள்ளவத்தையில பஸ் ஏறி அவன்ர வீட்டுக்குப் போவன். ரீவிக்கு முன்னால குந்தியிருந்து ரெண்டு பேரும் ஃபுட்போல் கேம் அடிப்பம். நாப்பத்துமூண்டு வயசில இது என்ன பழக்கம் எண்டு என்ர மனிசி கேக்காத கிழமை இல்லை. ஊரடங்குக்குள்ளயும் பெற்றோல் வரிசைக்குள்ளயும் தவறிப்போன சனிக்கிழமைகளை நாங்கள் பிறகு ஞாயிறு சேத்து அடிச்சுத் தீத்தனாங்கள். எனக்கெண்டு சொல்ல வேற கூட்டாளி மிஞ்சவும் இல்லை. மற்றவங்கள் எல்லாரும் வெளிநாட்டுக்குப் போயிட்டாங்கள்.

எங்கட சனம் வெளிநாடு போறதெண்டா வாய் திறக்காது. விசா வந்தாலும் சொல்லாது, ரிக்கெட் போட்டாலும் சொல்லாது. கண்ணூறு பட்டுக் காரியம் கெட்டுப்போகும் எண்ட பயம். பிளேன் எழும்பினாப் பிறகுதான் போட்டோ வரும். எங்கட ஃபிளட்டில மூண்டாம் மாடிக்காரர் ஒரு பின்னேரம் லிஃப்டுக்குள்ள நிண்டு தண்ணி மோட்டரைப் பற்றி என்னோட பத்து நிமிசம் கதைச்சவர். ரெண்டு நாளால அவர் பனிக்குள்ள தொப்பி போட்டுக்கொண்டு நிக்கிற படம் வருது. என்ர கூடப்பிறந்த தங்கச்சியே எனக்குப் போறதுக்கு மூண்டு நாளைக்கு முன்னாலதான் சொன்னவள். அந்தக் கோபம் எனக்கு இண்டைக்கும் அடங்கேல்ல. இவன் ஒருத்தனாவது என்னை விட்டிட்டுப் போகமாட்டான், போறதெண்டாலும் சொல்லாமப் போகமாட்டான் எண்டு நம்பிக்கொண்டிருந்தனான்.

அவன்ர வீட்டில இருந்த பழைய கேம் கொன்சோல் ஒரு சனிக்கிழமை செத்துப்போச்சு. விசிறி கறகறவெண்டு கத்திச்சு, ரீவி கறுத்துது, அவ்வளவுதான். ஒரு மணித்தியாலம் அதைக் கழட்டித் தூசி ஊதினான். ஊத ஊத இருமல் வந்துது. கடைசியா, "இனி நீ ஒண்டை வாங்கி உன்ர வீட்டில வை மச்சான். அங்க லிஃப்ட் இருக்கு," எண்டான். அவன்ர வீடு ரெண்டாம் மாடி, செங்குத்தான படி. இருபது வருசமா அந்தப் படியில ஏறி இறங்கினவனுக்கு இப்ப என்ன லிஃப்ட் எண்டு எனக்குக் கேக்கத் தோணேல்ல.

புதுசு பாக்கக் கொள்ளுப்பிட்டிக்குப் போனம். கடையில ரெண்டு சாதி இருந்தது, ஒரு கம்பனியின்ர கறுப்புப் பெட்டி, மற்றக் கம்பனியின்ர வெள்ளைப் பெட்டி. எனக்குக் கறுப்பில கண். விலையும் கொஞ்சம் குறைவு. அவன் என்னை ஒரு பக்கமா இழுத்துக்கொண்டு போய் விளங்கப்படுத்தினான். இந்தக் காலத்துக் கேம் ஒண்டொண்டும் நூறு ஜிபிக்கு மேல பிடிக்கும். நாலைஞ்சு போட்டாப் பெட்டி நிரம்பிடும். கறுப்பில இடத்தைக் கூட்டவேணுமெண்டா அதுக்கெண்டு செய்த அட்டைதான் வாங்கவேணும், அது யானை விலை. வெள்ளையில உள்ளுக்கு ஒரு பள்ளம் இருக்கு, கொம்பியூட்டருக்குப் போடுற சாதாரண டிரைவை வாங்கி நாங்களே கொழுவலாம். அதோட சீடி போடுற வாயுள்ளதாப் பாத்து வாங்கு, விளையாடி முடிச்ச சீடியைக் குடுத்து மாத்தலாம் எண்டான். வாத்திமார் இப்பிடித்தான், பெட்டி வாங்கப் போனாலும் பலகையில எழுதாத குறையா. கடைசியில புதுசே வேண்டாம், பாவிச்ச வெள்ளைப் பெட்டி ஒண்டு எடுப்பம், மிச்சக் காசில டிரைவ் போடுவம் எண்டு முடிவாச்சு.

பாவிச்சது வெள்ளவத்தையிலயே அம்பிட்டுது, என்ர ஃபிளட்டில இருந்து நாலு ஒழுங்கை தள்ளி. கதவைத் திறந்தவுடன மூக்கைத் துளைச்சது வறுத்து இடிச்ச மிளகாய்த்தூள் மணம். ஜன்னல்ல திரைச்சீலை இல்லை. கதவு மூலையில சூட்கேஸ் நிறுக்கிற கைத்தராசு ஒண்டு தொங்குது. வீட்டுக்கார அம்மா நாங்கள் கேக்காமலே, வேற வீடு மாறுறம் தம்பி எண்டா. ஓம் அக்கா, ஓம் அக்கா எண்டு தலையாட்டினம். அவன் பெட்டியைப் போட்டு, சீடியைத் தள்ளி எடுத்து, பின்பக்கம் கையை வைச்சு வாற காத்தின்ர சூடு பாத்து, அரை மணித்தியாலம் ஓடவிட்டுத்தான் சரியெண்டான். லிஃப்டுக்குள்ள வந்தவுடன, எந்த நாடாயிருக்கும் எண்டு நான் பந்தயம் கட்டக் கேட்டன். வழமையா இப்பிடிக் கேட்டா அவன் சிரிப்பான். அண்டைக்கு லிஃப்ட் இலக்கத்தைப் பாத்துக்கொண்டு நிண்டான்.

அந்தப் பெட்டியோட ஒரு கொன்ட்ரோலர்தான் வந்தது. ரெண்டு பேர் விளையாடுறதுக்கு ரெண்டு வேணும், இது சின்னப்பிள்ளைக்கும் தெரியும். வாற வழியில கடையில ஒண்டு வாங்குவம் எண்டு நான் திரும்பினன். அவன் என்ர கையைப் பிடிச்சு நிப்பாட்டினான்.

"ரெண்டாவது தேவையில்லை மச்சான். வீண் செலவு."

சொல்லிப்போட்டு றோட்டைக் கடந்திட்டான். இருபது வருசமா ரெண்டாவது கொன்ட்ரோலரைப் பிடிச்சவன் இவன். இவனே தேவையில்லை எண்டுறானெண்டா என்ன கருத்து? வீட்டுக்கு நடக்க நடக்க என்ர தலைக்குள்ள அறிக்கை எழுதுற வேலை தொடங்கிட்டுது.

அதுக்குப் பிறகு பாக்கிறதெல்லாம் ஒரு திசையிலதான் காட்டிச்சு. மோட்டசைக்கிளை வித்துப்போட்டான். கேட்டதுக்கு, றோட்டில ஓடப் பயமாக் கிடக்கு எண்டான். அடுத்த வருசத்துக்கு டியூட்டரியில புது பட்ச் பெடியளை எடுக்கேல்ல எண்டு அவனட்டப் படிக்கிற பெடியன் ஒருத்தன்ர தகப்பன் எனக்குச் சொன்னார், கண்ணைச் சிமிட்டிக்கொண்டு. ஆளும் மெலிஞ்சு வந்தான். சேட்டெல்லாம் தோளில தொங்கிச்சு. என்ர மனிசி, போறதுக்கு முதலே வெளிநாட்டுக் களை வந்திட்டுது உங்கட கூட்டாளிக்கு எண்டு பகிடி விட்டவள். நான் சிரிக்கேல்ல. மனசுக்குள்ள கறுவிக்கொண்டிருந்தன். இவனும் சொல்லாமப் போகப்போறான். மூண்டாம் மாடிக்காரர் மாதிரி, என்ர தங்கச்சி மாதிரி, இவனும்.

டிரைவ் வாங்கப் பம்பலப்பிட்டியில இருக்கிற கொம்பியூட்டர்க் கடைத்தொகுதிக்குப் போன நாள் எல்லாம் முடிவாப்போச்சு. அவன் பொரளைப் பக்கமிருந்து நேர வந்தவன். கையில ஒரு பெரிய மண்ணிறக் கடிதஉறை. அந்த அளவில உறை எண்டா உள்ளுக்கு எக்ஸ்ரே. நெஞ்சு எக்ஸ்ரே எதுக்கு எடுக்கிறது எண்டு வெள்ளவத்தையில பால்குடிக் குழந்தைக்கும் தெரியும், விசா மெடிக்கலுக்கு. கவுண்டரில நிண்ட சிங்களப் பெடியன்கூட உறையைக் கண்டவுடன சிரிச்சுக்கொண்டு, "பிட்டரட்ட யனவத அய்யே?" எண்டு கேட்டான். வெளிநாடு போறியளோ அண்ணை எண்டு. என்ர கூட்டாளி இல்லையெண்டும் சொல்லேல்ல, ஓமெண்டும் சொல்லேல்ல. மெல்லமாச் சிரிச்சுப்போட்டு, உறையைத் தலைகீழாத் திருப்பி வைச்சான்.

பெயர் தெரியாத கம்பனியின்ர ரெண்டு டெரா டிரைவ் ஒண்டை அந்தப் பெடியன் மலிவு விலைக்கு நீட்டினான். எனக்கு ஆசை. இவன் ஒரேயடியா வேண்டாமெண்டான். இப்பிடி விக்கிறதில சிலது வெளியில ரெண்டு டெரா எண்டு எழுதியிருக்கும், உள்ளுக்கு அதில கால்வாசியும் இராது, நிரப்பி முடியிற நேரம்தான் குட்டு வெளிப்படும், அதுவரைக்கும் எல்லாம் நல்லா ஓடுற மாதிரியே இருக்கும் எண்டான். வேகம் காணுமோ எண்டு பெட்டியில எழுதியிருக்கிறதை வாசிச்சு, வாறண்டி அட்டையில கடைச் சீல் குத்துவிச்சு, ஒரு டெராவில நல்லதா ஒண்டு எடுத்தான். சூடு தணிய மேல ஒட்டுற அலுமினியத் தகட்டைப் பேரம் பேசிச் சும்மா வாங்கினான். இவ்வளவு கரிசனை எல்லாம் எனக்கு எரிச்சலைத்தான் கூட்டிச்சு. போற பயணத்தை மறைக்கிறவன் என்ர பெட்டியில ஏன் இவ்வளவு அக்கறை காட்டுறான்?

வீட்டுக்கு வந்து வெள்ளை மூடியைக் கழட்டினம். உள்ளுக்கு ஒரு சின்னத் தகடு, அதில ஒரு ஸ்குரூ. அவன் ஸ்குரூவை எடுக்கேக்க விரல் நடுங்கி அது நிலத்தில விழுந்து சோபாவுக்குக் கீழ உருண்டிட்டுது. குனிஞ்சு தேடினவன் நிமிரேக்க மூச்சு வாங்கினான். பிறகு கதிரையில இருந்துகொண்டு, நீ செய், நான் சொல்லுறன் எண்டான். டிரைவைச் சரிச்சுப் பிடி, மெல்லமாத் தள்ளு, கிளிக் எண்டவுடன படுக்க விடு, ஸ்குரூவை இறுக்காத, நிண்டாப் போதும். நான் ஒவ்வொண்டாச் செய்தன். "இதை நீ பழகி வைச்சிரு, இனி உனக்குத்தான் தேவைப்படும்," எண்டான். அவ்வளவு நேரமும் பொத்திப்பொத்தி வைச்சிருந்தது எனக்கு அந்த இடத்தில உடைஞ்சுபோச்சு.

பெட்டியைப் போட்டம். புது டிரைவ் இருக்கு, அழிச்சு ஒழுங்குபடுத்தவோ எண்டு ரீவியில ஒரு கேள்வி வந்து நிண்டுது. நான் பட்டனை அழுத்தேல்ல. அவன்ர பக்கம் திரும்பி, எந்த நாடு எண்டு கேட்டன். அவன் என்னைப் பாத்தான். சொல்லடா எண்டன். பிறகு சொல்லுறன் எண்டான். அந்தப் "பிறகு"வை நான் என்ர வாழ்க்கையில கனபேரிட்டக் கேட்டிட்டன்.

"போ. நல்லாப் போ. ஏர்போட்டுக்கு நான் வரமாட்டன். இனி உன்ர முகத்தில முழிக்கவும் மாட்டன்."

குசினியில பாத்திரச் சத்தம் நிண்டுபோச்சு. மனிசி எட்டிப் பாத்தவள். அவன் கோபப்படேல்ல. தேத்தண்ணியைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடிச்சான், கோப்பையைக் கொண்டுபோய்த் தொட்டிக்குள்ள வைச்சான், உறையை எடுத்துக் கக்கத்துக்குள்ள செருகினான், வாறன் எண்டு மனிசியிட்டச் சொல்லிப்போட்டுப் போனான். லிஃப்ட் கீழ போற சத்தம் கேட்டுது. ரீவியில அந்தக் கேள்வி அப்பிடியே நிண்டுது.

ஏழு கிழமை நான் அவனோட கதைக்கேல்ல. ரெண்டு தரம் போன் எடுத்தவன், நான் பாத்துக்கொண்டே இருந்தன், அடிச்சு ஓய்ஞ்சுது. சனிக்கிழமையில கொம்பியூட்டரோட தனிய விளையாடினன். வெண்டாலும் ஒண்டுதான், தோத்தாலும் ஒண்டுதான். வெள்ளவத்தைச் சந்தையில மனிசி கேள்விப்பட்டு வந்து சொன்னவள், உங்கட கூட்டாளி மொட்டை போட்டிருக்கிறாராம் எண்டு. விசா சரிவந்திட்டுது, கோயில்ல நேத்தி தீத்திருக்கிறான் எண்டு நான் அந்த நிமிசமே தீர்ப்பு எழுதினன். எங்கட ஆக்களில விசாவுக்கு நேத்தி வைச்சு மொட்டை அடிக்காதவன் ஆர்? வயிறு எரிஞ்சுது. ஆனா அதுக்குள்ள, உண்மையச் சொன்னா, ஒரு பயமும் இருந்தது. எதுக்கெண்டு தெரியாத பயம். பஸ்ஸில போகேக்க, சாப்பாட்டில கை வைக்கேக்க, திடீரெண்டு வந்து குந்திக்கொள்ளும். அவன் போயிடுவான், அதுதான் எண்டு என்னையே சமாதானப்படுத்திக்கொண்டன்.

கடைசியில மனிசிதான் ஏசினவள். அவர் பறந்தாப் பிறகு நீங்கள் ரீவிக்கு முன்னால இருந்து அழப்போறியள், எனக்கு அதைப் பாக்க ஏலாது, பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்க் கடைசியா ஒரு விளையாட்டு அடிச்சிட்டு வாங்கோ எண்டவள். நான் முறைச்சிட்டு எழும்பினன். வழியில இறங்கி ரெண்டாவது கொன்ட்ரோலரையும் வாங்கினன். பாசத்தில இல்லை, வீம்பில. வீண் செலவு எண்டவன்ர மூஞ்சைக்கு முன்னால அதைப் பிரிக்கவேணும் எண்டு.

படியேறிப் போய்க் கதவைத் தட்டினன். தமக்கை திறந்தா. என்னைக் கண்டவுடன வழிவிட்டா. உள்ளுக்குக் கால் வைச்ச உடனேயே எனக்கு ஏதோ பிழைச்சுது. மிளகாய்த்தூள் மணம் இல்லை. வெளிநாடு போற வீட்டில அது இல்லாம இருக்காது. சூட்கேஸ் இல்லை, தராசு இல்லை, கட்டின பார்சல் ஒண்டும் இல்லை. ஜன்னல்ல திரைச்சீலை அப்பிடியே தொங்குது. ஆஸ்பத்திரி வாட்டில அடிக்கிற மருந்து மணம்தான் வீடு முழுக்க. மோட்டசைக்கிள், பட்ச், தொங்குற சேட்டு, நடுங்கின விரல், எக்ஸ்ரே, மொட்டை, எல்லாம் ஒண்டுக்குப் பின்னால ஒண்டா என்ர தலைக்குள்ள திரும்பி நிண்டுது. பெட்டியை வைக்க இடம் தெரியாம அதைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு நிண்டன்.

அவன் அறைக்குள்ள கட்டில்ல சாய்ஞ்சிருந்தான். தலையில மட்டுமில்லை, புருவத்திலயும் மயிர் இல்லை. நேத்திக்கு ஆரும் புருவம் வழிக்கிறதில்லை. நெஞ்சில கட்டி, ஆறு மாசமாத் தெரியும் எண்டு தமக்கை எனக்குப் பின்னால நிண்டு சொன்னா. அவன் கண்டபடி மெலிஞ்சிருந்தாலும் சிரிப்பு மட்டும் பழைய சிரிப்பு. நான் ஏன்ரா சொல்லேல்ல எண்டு கேட்டன்.

"ஒருத்தரும் என்ன வருத்தமெண்டு கேக்கேல்ல மச்சான். எல்லாரும் எந்த நாடெண்டுதான் கேட்டவை."

அதுக்குப் பிறகு ஆறுதலாச் சொன்னான். முதல்ல தனக்கும் சிரிப்பாத்தான் இருந்ததாம். பிறகு யோசிச்சானாம், வெளிநாடெண்டு நினைச்சாச் சனம் கொஞ்சம் பொறாமைப்படும், அது பரவாயில்லை, இதெண்டு தெரிஞ்சா முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு பழம் வாங்கிக்கொண்டு வருவினம், அது தன்னால தாங்க ஏலாதெண்டு. எனக்கு மட்டும் சொல்லத்தான் ரெண்டு தரம் போன் எடுத்தவனாம். ஐயோ, அந்த ரெண்டு தரமும் போன் என்ர கையிலதான் இருந்தது.

நான் பெட்டியைக் கொழுவினன். வேற என்ன செய்யிறதெண்டு தெரியேல்ல. ரெண்டாவது கொன்ட்ரோலரைப் பிரிச்சு அவன்ர கையில வைச்சன். மருந்தால விரல் நுனியெல்லாம் விறைச்சுக் கிடக்காம், பட்டன் அழுத்துறது தெரியேல்லையாம். ஆனாலும் பிடிச்சுக்கொண்டிருந்தான். ரீவியில அவன்ர பக்கத்து ஆட்டக்காரர் மைதானத்தில அங்கங்க நிண்டாங்கள். நான் பந்தைக் கொண்டுபோய்க் கோல் வாசல்ல நிப்பாட்டி, திரும்பக் கொண்டுவந்து நடுவில வைச்சன். அடியடா, எனக்குப் பாவம் பாக்காத எண்டான். நான் அடிக்கேல்ல. விளையாட்டு சைபருக்குச் சைபரில முடிஞ்சுது. எங்கட இருபது வருசத்தில அப்பிடி முடிஞ்சதா எனக்கு ஞாபகமில்லை.

நான் எழும்பேக்க அவன் கேட்டான், "ஏர்போட்டுக்கு வரமாட்டன் எண்டனி. செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்கு வருவியோ?"

வருவன் எண்டன். அதுக்குப் பிறகு ஒரு செவ்வாயும் விட்டதில்லை. கொட்டாஞ்சேனையில இருந்து ஓட்டோவில கூட்டிக்கொண்டு பொரளைக்குப் போவன். போற வழியில கனத்தைச் சுடலையின்ர மதில் கன தூரத்துக்கு வரும். அந்த இடத்தில ரெண்டு பேரும் முன்னால பாத்துக்கொண்டுதான் இருப்பம். போன செவ்வாய் அந்த மதிலடியில ஓட்டோ சிக்னல் லைட்டுக்கு நிக்கேக்க, டிரைவில இன்னும் எவ்வளவு இடம் கிடக்கு எண்டு கேட்டான். அரைவாசிக்கு மேல கிடக்கு எண்டன். அடுத்த வருசத்து ஃபுட்போல் கேம் வந்தவுடன போடுவம், அதுக்கு நூறு ஜிபி விட்டுவை எண்டான். ஓமெண்டன். அது வர இன்னும் எத்தினை மாசம் எண்டு மனசுக்குள்ள எண்ணத் தொடங்கி, நாலில நிப்பாட்டிப்போட்டன்.